வாசிப்பை நிறுத்தியவள்

லுபினிட்ஸ் ஊரில் வெள்ளிக்கிழமை பொழுது சாய்வதற்குள் வீட்டுக்கு ஒரு பானை கித்தலின் ரொட்டிக் கடைக்கு வந்து சேர்ந்துவிடும். பீன்ஸ், பார்லி, உருளைக்கிழங்கு, வசதியுள்ள வீட்டுப் பானை என்றால் கூடவே ஒரு துண்டு மாட்டிறைச்சி. சபாத் என்ற ஓய்வுநாள் தொடங்கிவிட்டால் யாரும் நெருப்பு மூட்டக் கூடாது. ஆகவே பானைகளை எல்லாம் பெரிய அடுப்புக்குள் தள்ளி, வாயைக் களிமண் பூசி அடைத்து, இரவெல்லாம் அந்தச் சூட்டிலேயே வேக விடுவார்கள். மறுநாள் ஜெபம் முடிந்து வருகிறவர்கள் அவரவர் பானையை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போவார்கள். பானைகளைத் தள்ளுவதும் இழுப்பதும் பெய்லாவின் வேலை. பக்கத்தில் நின்று திட்டுவது கித்தலின் வேலை.

பெய்லா கித்தலின் மருமகள். அவளைக் கட்டிக்கொண்ட மகன் அன்ஷல் இறந்து நான்கு வருஷம் ஆகியும் அவள் மருமகளாகவே இருந்தாள். அதுதான் அவளுக்கு நேர்ந்த கஷ்டம்.

அவள் காட்டில் பிறந்தவள். அப்பா பைன் மரத்திலிருந்து தார் காய்ச்சி விற்றவர். சுற்றிலும் வேறு யூதக் குடும்பம் கிடையாது. குளிர்கால மாலைகளில் அவர் வேதக் கதைகளைத் தங்கள் பேச்சுமொழியான யிட்டிஷில் சொல்லச் சொல்லக் கேட்டு வளர்ந்ததால், வேதத்தில் வருகிறவர்களைப் பற்றி அடுத்த வீட்டுக்காரர்களைப் பற்றிப் பேசுவது போலவே அவள் பேசுவாள். சாராளுக்கு வாய் கொஞ்சம் அதிகம் என்பாள். யாக்கோபு வளர்த்த லட்சணத்துக்குப் பிள்ளைகள் அடித்துக்கொள்ளாமல் இருந்தால்தான் ஆச்சரியம் என்பாள். "வீடு நிறைய பசங்க பாத்துட்டு இருக்கறப்ப ஒருத்தனுக்கு மட்டும் கலர் சட்டை தச்சுக் கொடுத்தா என்ன ஆகும்? அந்த மனுஷனுக்கு இதுகூடத் தெரியலையே" என்று அவள் சொன்னதைக் கேட்டுத்தான் அன்ஷல் முதன்முதலில் அவள் பக்கம் திரும்பிப் பார்த்தான். மரவியாபாரிக்காகக் கட்டைகளை ஆற்றில் விடும் வேலைக்கு அவன் அந்தக் காட்டுக்கு வந்திருந்தான். கல்யாணத்துக்குப் பிறகு அங்கேயே ஒரு மரக்குடிலில் குடியிருந்தார்கள். அவளுடைய அப்பா அதற்குள் காலமாகியிருந்தார்.

இரண்டாவது வசந்தத்தில், பனி உடைந்து ஆறு ஓடத் தொடங்கிய வாரம், உருண்டு வந்த இரண்டு கட்டைகளுக்கு நடுவே சிக்கி அன்ஷல் செத்துப்போனான். அப்போது பெய்லா நிறைமாதம். சில நாளிலேயே குழந்தை பிறந்தது. அழவில்லை. அவள் பக்கத்தில் இருந்தது மருத்துவச்சி ஸிமா ஒருத்திதான்.

வெள்ளம் வடிந்து வண்டிப்பாதை திறக்க இரண்டு மாதம் ஆனது. அதன் பிறகு கித்தலே வண்டி பிடித்துக்கொண்டு காட்டுக்கு வந்தாள். பிள்ளையைப் பறிகொடுத்தவள் என்று முகத்தைப் பார்த்தால் தெரிந்தது, பேச்சில் தெரியவில்லை. "கிளம்பு. இங்க உக்காந்து ஓநாய்க்கா சமைச்சுப் போடப் போற?" என்றாள். பெய்லா கிளம்பினாள்.

பிள்ளையில்லாமல் ஒருவன் இறந்தால், அவன் தம்பி அண்ணியைக் கட்டிக்கொண்டு அண்ணனுடைய வீட்டை நிலைநிறுத்த வேண்டும் என்று மோசேயின் சட்டம் சொல்கிறது. இந்தப் பக்கத்து ஊர்களில் யாரும் இப்போது அப்படிக் கட்டிக்கொள்வதில்லை. அதற்குப் பதிலாகக் கொழுந்தன், ரபி என்னும் மதகுருவுக்கும் பெரியவர்களுக்கும் முன்னால் வந்து நிற்க வேண்டும். அண்ணி அவன் வலது காலிலிருந்து செருப்பைக் கழற்றி எறிந்து, அவன் முன்னால் தரையில் துப்பி, தன் அண்ணன் வீட்டைக் கட்டாதவனுக்கு இப்படித்தான் நடக்கும் என்று சொல்ல வேண்டும். ஹலிட்சா என்று அதற்குப் பெயர். அது நடந்தால்தான் அவள் யாரை வேண்டுமானாலும் கட்டிக்கொள்ளலாம். நடக்காவிட்டால் இருந்தபடியே இருக்க வேண்டியதுதான்.

அன்ஷலின் தம்பி ஸல்மன் ஒருவன்தான். அண்ணன் சாகும்போது அவனுக்குப் பதினேழு வயது, தையல் பழகிக்கொண்டிருந்தான். ஹலிட்சா எப்போது என்று ஊரில் யாராவது கேட்டால், "துக்கம் ஆறட்டும்" என்பாள் கித்தல். அடுத்த வருஷம், "பஸ்கா பண்டிகை முடியட்டும்" என்றாள். அதற்கடுத்த வருஷம், "பையனுக்கு மீசை முளைக்கட்டும், அப்புறம் செருப்பைக் கழட்டலாம்" என்றாள். பெய்லாவும் முதலில் அவசரப்படவில்லை. அவளுக்கு வேலை இருந்தது; அந்த வேலை அவளுக்குப் பிடித்திருந்தது. கம்பு மாவு புளிக்கும் வாசனையும், காலைச் சந்தையின் கூச்சலும், மாமியாரின் ஏச்சும்கூடப் பழகிவிட்டன.

தகரவேலை செய்யும் கோப்பல் அடுப்புக் குழாயைச் சரிசெய்ய வந்தபோதுதான் நிலைமை மாறியது. அவன் மனைவியை இழந்தவன். அதிகம் பேசமாட்டான். குழாயை மாட்டி முடித்து, கையைத் துடைத்துக்கொண்டு, "உங்களுக்கு ஹலிட்சா ஆயிடுச்சா?" என்று மட்டும் கேட்டான்.

"இல்ல."

"ஆனதும் சொல்லுங்க" என்று ஏணியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டான். அவன் பேசிய பெண்பார்க்கும் பேச்சு மொத்தமும் அவ்வளவுதான். பெய்லாவுக்கு அது போதுமானதாக இருந்தது.

அந்தக் குளிர்காலம் ஸல்மனுக்கு இருபத்தொரு வயது முடிந்தது. ஜார் மன்னரின் பட்டாளத்துக்கு ஆள் எடுக்கும் வயது. அவன் வயதுப் பையன்கள் பாதிப்பேர் அமெரிக்காவுக்குப் போய்விட்டார்கள். ஸல்மனும் கிளம்பத் தயாரானான். ஹனுக்கா பண்டிகை முடிந்ததும் லிபாவ் துறைமுகத்தில் கப்பல் என்று பேச்சு அடிபட்டது. அதைப் பெய்லாவிடம் யாரும் சொல்லவில்லை. சந்தையில் வெங்காயம் விற்கிறவள் சொல்லித்தான் தெரிந்தது.

அன்று மாலையே அவள் மாமியாரிடம் கேட்டாள். "அத்தை, தம்பி போறதுக்கு முன்னாடி ஹலிட்சா முடிச்சிடணும். நாளைக்கே ரபிகிட்ட போகலாம்."

கித்தல் மாவைத் தட்டிக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை. "அங்க போய் வசதியா இருக்கட்டும். அப்புறம் வருவான், பண்ணுவான்."

"அமெரிக்காவுல இருந்து இங்க காலை நீட்ட முடியாது அத்தை."

"உனக்கு இங்க என்னடி குறை? சோறு இல்லையா? அடுப்பு இல்லையா? வர்றவங்ககிட்ட நான் மருமகள்னு சொல்லலையா?"

"குறை இல்ல. ஆனா என்னைக் கட்டிப் போட்டிருக்கு."

கித்தல் உருண்டையைப் பலகையில் ஓங்கிப் போட்டாள். "அவன் எனக்குக் கை கொடுத்துச் சத்தியம் பண்ணியிருக்கான். அன்ஷல் கல்லறையில நின்னு. நான் உயிரோட இருக்கற வரைக்கும் தன் அண்ணன் வீட்டை இல்லைன்னு சொல்ல மாட்டேன்னு. போ, போய்ப் படு."

பெய்லா ஸல்மனைக் கேட்டாள். அவன் துணி வெட்டும் கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டு அழாத குறையாக நின்றான். "அண்ணி, நான் என்ன பண்ணுவேன். தாயை மதின்னு பத்துக் கட்டளையிலேயே இருக்கு. கை வேற கொடுத்துட்டேன். அவங்க மனசு மாறினா இந்த நிமிஷமே செருப்பைப் போட்டுட்டு வந்து நிக்கறேன்." நல்லவன்தான். தப்பு செய்யப் பயந்து, அதைவிடப் பெரிய தப்பைச் செய்துகொண்டிருந்தான்.

விஷயம் வெளியே போனது. மருத்துவச்சி ஸிமா ஒரு நாள் பெய்லாவைச் சந்தை மூலையில் மடக்கினாள். அவளும் காட்டை விட்டு ஊருக்கு வந்திருந்தாள். "முட்டாள், ஏன் அவங்க காலைப் பிடிக்கற? நான் ரபிகிட்ட வந்து சொல்றேன். குழந்தை உயிரோட பொறந்துச்சு, அஞ்சு வாரம் இருந்துச்சு, அப்புறம்தான் போச்சுன்னு. புருஷனுக்கு ஒரு மாசம் தாண்டின பிள்ளை இருந்ததுன்னா ஹலிட்சாவே வேண்டாம். காட்டுல யாரு பாத்தா? உன்னைத் தவிர நான்தான்."

அவள் நல்லெண்ணத்தில் சொன்னாள். அன்று முழுவதும் பெய்லா அதை நினைத்துக்கொண்டே ரொட்டி சுட்டாள். எவ்வளவு சுலபம் என்று அவளுக்குத் தெரிந்தது. யாருடைய தயவும் தேவையில்லை. ஒரு வார்த்தை போதும். மறுநாள் ஸிமா வீட்டுக்குப் போய், "வேண்டாம் ஸிமா. நீ சொன்னதுக்கு நன்றி. நான் நேர் வழியிலேயே போறேன்" என்றாள்.

"நேர் வழி அடைச்சிருக்கே."

"அடைச்சவங்களை நகத்தறேன்."

அநியாயம் நடந்தும் தன் பேச்சு எடுபடாதவர்களுக்கு நம்மவர்களிடம் ஒரு பழைய உரிமை உண்டு. சபாத் காலையில் ஜெபக்கூடத்தில் தோரா என்னும் வேதச் சுருளை வெளியே எடுக்கும் நேரத்தில் மேடையேறி நின்று, என் வழக்கைக் கேட்காமல் வாசிக்கக் கூடாது என்று தடுக்கலாம். கேட்டுத்தான் ஆக வேண்டும். ஆண்கள்தான் பெரும்பாலும் செய்வார்கள். பெண்கள் செய்தது லுபினிட்ஸில் யாருக்கும் நினைவில்லை. பெய்லா எந்த வாரம் என்று யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. ஹனுக்காவை ஒட்டிவரும் அந்தச் சபாத்தில்தான் யூதாவும் தாமாரும் வரும் பகுதி. தன் இரண்டு மகன்களை அடுத்தடுத்துக் கட்டி விதவையான மருமகளை, கடைசிப் பிள்ளை பெரியவனாகட்டும் என்று காக்க வைத்து, காக்க வைத்து, கடைசியில் கொடுக்காமலே விட்ட யூதா.

அன்று வெளியே முழங்கால் அளவு பனி. உள்ளே ஈரக் கம்பளி வாசனை. பெண்கள் மேலே மரத்தட்டிக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார்கள். கித்தல் முதல் வரிசையில். பெய்லா பெண்கள் பக்கம் ஏறாமல் ஆண்கள் வாசல் வழியாக நேரே நடந்து வந்தாள். ஏதோ அவசரச் சேதி கொண்டுவருகிறாள் என்று நினைத்து வழிவிட்டார்கள். அவள் மேடையில் ஏறி, மேசையைக் கையால் இரண்டு முறை தட்டினாள்.

"வாசிக்கக் கூடாது. என்கிட்ட ஒரு வழக்கு இருக்கு."

ஜெபக்கூடத் தலைவர் ஓஷர் எழுந்தார். ஊரிலேயே பெரிய மரவியாபாரி. "இதென்ன சந்தையா? பேசணும்னா வீட்டுல உக்காந்து பேசு."

"நாலு வருஷம் வீட்டுல உக்காந்துதான் பேசினேன். அங்க யாருக்கும் காது கேக்கல."

பின்வரிசையில் சிரிப்பு எழுந்தது. ஜெபக்கூடத்தைப் பெருக்கி விளக்கேற்றும் ஹிர்ஷ்கே கிழவன் சத்தமாகவே சொன்னான்: "ஓஷர் ஐயா, பாத்துப் பேசுங்க. நம்ம பானை மொத்தமும் அவ அடுப்புலதான் இருக்கு." சிரிப்பு பெரிதானது. பெய்லாவும் சிரித்துவிட்டாள். "உங்க பானைக்கு ஒண்ணும் ஆகாது, பயப்படாதீங்க" என்றாள். அதன் பிறகு எல்லாரும் காது கொடுத்தார்கள்.

ரபி நோஹெம் தன் இடத்திலிருந்து வந்து மேடையருகே நின்றார். மெலிந்த மனிதர்; காதில் பஞ்சு வைத்திருந்தார். "சொல்லும்மா" என்றார்.

அவள் சுருக்கமாகச் சொன்னாள். அன்ஷல் இறந்தது, பிள்ளை தங்காதது, ஸல்மன் கப்பலேறப் போவது. "இன்னைக்கு நீங்க தாமார் கதையை வாசிக்கப் போறீங்க. அவளுக்கு நடந்தது அநியாயம்னு எல்லாரும் தலையாட்டுவீங்க. இங்க ஒருத்தி நிக்கறேன். என்னுதை முடிச்சுட்டு அவளுதை வாசிங்க."

ரபி ஸல்மனைக் கூப்பிட்டார். அவன் தொப்பியைக் கசக்கிக்கொண்டு முன்னால் வந்தான். "நான் மாட்டேன்னு சொல்லல ரபி. அம்மாவுக்குக் கை கொடுத்திருக்கேன்."

"'தாய்க்கும் தகப்பனுக்கும் அஞ்சி நட, என் ஓய்வுநாளைக் கைக்கொள்'னு ரெண்டையும் ஒரே வசனத்துல ஏன் வச்சிருக்கு, தெரியுமா? அம்மா சொன்னாங்கன்னு கட்டளையை மீற முடியாது. அம்மாவும் அந்தக் கட்டளைக்குக் கீழதான்."

"தெரியும் ரபி. ஆனா அவங்களை எதிர்த்துட்டு நான் கடல்ல கால் வைக்க முடியாது. திரும்பி அவங்க முகத்தைப் பாப்பேனோ என்னமோ."

மேலே தட்டி அதிர்ந்தது. கித்தல் எழுந்து நின்று, விரல்களைத் தட்டியின் சந்துகளில் கோர்த்துக்கொண்டு கீழே பேசினாள். "யூதாவை ஏன் எல்லாரும் திட்டறீங்க? அவன் ரெண்டு பிள்ளையைப் புதைச்சவன். மூணாவதையும் கொடுன்னா எந்த அப்பன் கொடுப்பான்? நான் ஒருத்தனைப் புதைச்சேன். இன்னொருத்தனைக் கடலுக்குக் கொடுக்கறேன். இப்ப செருப்பைக் கழட்டி, அன்ஷலுக்கு வீடே கிடையாதுன்னு ஊர் நடுவுல கத்தணுமா? அதையும் நான் கேக்கணுமா?"

கூடத்தில் பலர் தலையைக் குனிந்துகொண்டார்கள். ஓஷர்கூடத் தரையைப் பார்த்தார். பெய்லா மேலே பார்த்துச் சொன்னாள்: "அத்தை, நகோமிக்கும் ரெண்டு பிள்ளை போச்சு. அவ என்ன பண்ணா? ரெண்டு மருமகளையும் முத்தம் கொடுத்து, போங்கடி, உங்க வாழ்க்கையைப் பாருங்கன்னு அனுப்பினா. ஒருத்தி போனா. ரூத் போகல, கூடவே இருந்தா. கால்ல கயிறு கட்டி வச்சிருந்தா ரூத்தைப் பத்தி இன்னைக்கு யாரு பேசுவா?"

கித்தல் பெஞ்சுகளை இடித்துக்கொண்டு நடந்து, படியிறங்கி, வெளியே போய்விட்டாள்.

ரபி ஸல்மனைப் பார்த்தார். ஸல்மன் தரையைப் பார்த்தான். பெய்லா மேடையிலிருந்து இறங்கினாள். "ரபி, நான் திரும்பி வர்ற வரைக்கும் சுருளைத் தொடாதீங்க" என்று சொல்லிவிட்டு மாமியார் பின்னால் நடந்தாள்.

கித்தல் ரொட்டிக் கடையில் அடுப்புக்குப் பக்கத்தில் மாவு மூட்டை மேல் உட்கார்ந்திருந்தாள். சால்வையில் விழுந்த பனி உருகிச் சொட்டியது. களிமண் பூசிய அடுப்பு வாயிலிருந்து பீன்ஸ் வாசனை லேசாகக் கசிந்தது. பெய்லா எதிரில் கவிழ்த்து வைத்த தொட்டி மேல் உட்கார்ந்தாள்.

"சிரிக்க வச்சுட்டியே ஊரை" என்றாள் கித்தல்.

"உங்களைப் பாத்து யாரும் சிரிக்கல."

"அவன் போயிடுவான். நீ அந்தத் தகரக்காரன் வீட்டுக்குப் போயிடுவ. நான் யாருக்கு அம்மா? யாருக்கு மாமியார்? இந்தச் சுவத்துக்கா?"

பெய்லா, கூடவே இருப்பேன் என்று சொல்லவில்லை. அந்த நேரத்தில் அதைச் சொல்வது சுலபம் என்று அவளுக்குத் தெரிந்ததால்தான் சொல்லவில்லை. அதற்குப் பதிலாக ஸிமா கேட்டதைச் சொன்னாள். அஞ்சு வாரம் குழந்தை இருந்தது என்று சொல்லத் தயாராக இருந்ததை.

கித்தல் தலையைத் தூக்கினாள். "அவ வந்து சொல்லியிருந்தா ரபி நம்பியிருப்பார்."

"நம்பியிருப்பார்."

"நீ அப்பவே போயிருக்கலாம். எங்க யாரையும் கேக்காம."

"போயிருக்கலாம்."

"அப்புறம் ஏன்டி போகல?"

"அது அழவே இல்ல அத்தை. நான் காத்துட்டே இருந்தேன், அழும்னு. அழுததுன்னு இப்ப யார்கிட்டயாவது சொன்னா, அஞ்சு வாரம் பால் குடிச்சதுன்னு சொல்லணும், சிரிச்சுதான்னு கேட்டா ஆமாங்கணும். என்னால முடியாது. அது உங்க பேரப்பிள்ளைதான். அதை வச்சு நான் பொய் சொல்ல மாட்டேன். அன்ஷலை வச்சும் சொல்ல மாட்டேன். எனக்கு அவனைப் பிடிக்கும். ஆனா அவன் செத்துட்டான், நான் சாகல."

கித்தல் முழங்காலில் கைகளை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அந்தக் குழந்தையைப் பற்றி அவள் இதுவரை ஒரு வார்த்தை கேட்டதில்லை. இப்போது கேட்டாள். "ஆணா, பொண்ணா?"

"பையன்."

"முடி இருந்துச்சா?"

"நிறைய. கறுப்பா."

"அன்ஷலுக்கும் பொறக்கறப்ப அப்படித்தான்" என்றாள் கித்தல். பிறகு எழுந்தாள். "வா. அங்க எல்லாரும் பசியில கிடப்பாங்க."

ஜெபக்கூடத்துக்குள் நுழைந்ததும் அவள் மேலே ஏறவில்லை. ஆண்கள் வாசலில் நின்றபடியே சொன்னாள்: "ஸல்மன், நீ கொடுத்த கையை நான் திருப்பிக் கொடுத்துட்டேன். ரபி, என்ன செய்யணுமோ செய்யுங்க." அதற்கு மேல் ஒன்றும் சொல்லாமல் படியேறித் தன் இடத்தில் போய் உட்கார்ந்தாள்.

தோரா சுருளை எடுத்தார்கள். யோசேப்பைச் சகோதரர்கள் குழியில் தள்ளினார்கள், விற்றார்கள். தாமார், யூதாவுக்கு அடையாளம் தெரியாதபடி முக்காடிட்டு வழியோரம் உட்கார்ந்தாள். அவள் என்னைவிட நீதியுள்ளவள் என்று யூதா எல்லார் முன்னிலும் ஒப்புக்கொள்ளும் இடம் வந்தபோது, ஆண்கள் பலர் மேலே தட்டியைப் பார்த்தார்கள். கித்தல் சுவரில் சாய்ந்து தூங்கிப்போயிருந்தாள். பெய்லா தன் சால்வையை எடுத்து அவள் மேல் போட்டாள்.

செவ்வாய்க்கிழமை காலை ரபி வீட்டு முன்னறையில் ஹலிட்சா நடந்தது. ரபியும் இன்னும் நான்கு பேரும் பெஞ்சில் உட்கார்ந்தார்கள். அதற்கென்றே ஊரில் வைத்திருந்த தோல் செருப்பு, நீண்ட வார்களோடு, ஸல்மனின் வலது காலில் கட்டப்பட்டது. முந்தின நாள் முழுவதும் பெய்லா எபிரேய வார்த்தைகளைப் பழகியிருந்தாள். "விரும்பவில்லை" என்பதை ஒரே மூச்சில் சொல்ல வேண்டும். நடுவில் நிறுத்தினால் பொருள் திரும்பிவிடும் என்று ரபி எச்சரித்திருந்தார். அவள் தடுமாறாமல் சொன்னாள். ஸல்மன் அவளைக் கட்டிக்கொள்ளத் தனக்கு விருப்பமில்லை என்று சொன்னபோது அவன் குரல்தான் நடுங்கியது.

அவள் குனிந்து, ஒரு கையால் வார்களை அவிழ்த்து, அவன் காலைத் தூக்கிச் செருப்பை உருவி எறிந்தாள். அடுத்தது துப்ப வேண்டும். முந்தின இரவிலிருந்து பட்டினி. வாய் வறண்டு கிடந்தது. எச்சில் வரவில்லை. பெஞ்சில் இருந்தவர்கள் காத்திருந்தார்கள். ஒருவர் தொண்டையைக் கனைத்தார். ரொட்டி சுடும்போது எத்தனையோ தடவை நெருப்புக்கு முன்னால் நின்றிருக்கிறாள். இப்படி நாக்கு ஒட்டிக்கொண்டதில்லை.

ஸல்மன் ஒரு கால் வெறுமையாக நின்றபடி, உதடு அசையாமல் கிசுகிசுத்தான். "அண்ணி, நான் ரொட்டியைக் கருக விட்ட அன்னைக்கு என்னைத் திட்டினீங்களே. எச்சில் என் கண்ணுல தெறிச்சுது. அதை நினைச்சுக்கங்க."

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரிப்போடு எச்சிலும் வந்தது. தரையில் துப்பினாள். "தன் சகோதரன் வீட்டைக் கட்டாத மனுஷனுக்கு இப்படியே செய்யப்படும்" என்றாள். "செருப்புக் கழற்றப்பட்டவன்" என்று பெஞ்சில் இருந்தவர்கள் மூன்று முறை சொன்னார்கள். ஸல்மனின் கண்களில் நீர் வழிந்தது. வெளியே வந்ததும் அவள் அவனுக்கு ஒரு முழு ரொட்டியைக் கொடுத்தாள். "கப்பல்ல இது போல கிடைக்காது" என்றாள். அந்த வாரக் கடைசியில் அவன் போனான்.

கித்தலுக்குக் கோபம் அதன் பிறகுதான் வந்தது. மனம் இளகி விட்டுக்கொடுத்தது ஒரு சபாத்துக்குத்தான் போதுமானதாக இருந்தது. மகன் போன வீட்டில் அவள் பெய்லாவைப் பார்க்கும்போதெல்லாம் பாத்திரங்களை உருட்டினாள். "சட்டப்படி நீ இப்ப எனக்கு யாரும் இல்ல. யாரும் இல்லாதவளுக்கு இங்க என்ன வேலை?" என்று ஒரு நாள் கேட்டாள்.

"சரி" என்று பெய்லா தன் துணிகளை மூட்டை கட்டிக்கொண்டு போனாள். கெஞ்சவில்லை. மீன்காரச் சந்தில் பாழடைந்து கிடந்த ஒரு அடுப்பை வாடகைக்கு எடுத்தாள். கோப்பல் அதற்குக் குழாய் போட்டான். பஸ்காவுக்குப் பிறகு அவர்கள் கல்யாணம் நடந்தது. அழைக்கப் பெய்லாவே நேரில் போனாள். கித்தல் கதவைத் திறந்து, கேட்டுவிட்டு, மூடினாள். வரவில்லை.

அதிலிருந்து வெள்ளிக்கிழமைகளில் ஊர்ப் பானைகள் இரண்டாகப் பிரிந்தன. கித்தல் கூலிக்கு வைத்த பெண்கள் ஒருத்தியும் நிலைக்கவில்லை. அவளுடைய ரொட்டி நடுவில் வேகாமல் இருக்கிறது என்று பேசிக்கொண்டார்கள். ஓஷரின் மனைவி தன் பானையைப் பெய்லாவிடம் தூக்கி வந்து, "கிழவிக்கு நல்லா வேணும்" என்றாள். பெய்லா அந்தப் பானையை வாங்கவில்லை. "உங்க பானை எப்பவும் அங்கதான் போகும். அங்கயே கொண்டு போங்க. அவங்களைப் பத்தி எங்கிட்ட பேசாதீங்க" என்றாள். ஓஷரின் மனைவி அதை ஊரெல்லாம் சொல்லிக் குறைபட்டாள். அப்படித்தான் அது கித்தலின் காதுக்கும் போயிருக்க வேண்டும்.

அடுத்த குளிர்காலத்தில் பெய்லாவுக்குப் பெண் குழந்தை பிறந்தது. அது அறையே அதிரும்படி அழுதது. மூன்றாம் நாள் காலை, கோப்பல் பட்டறைக்குப் போயிருந்தபோது, கதவைத் தட்டாமல் கித்தல் உள்ளே வந்தாள். கையில் துணி சுற்றிய கோழி சூப் பாத்திரம். படுக்கையையும் தொட்டிலையும் தாண்டி நேரே மேசைக்குப் போய், அங்கிருந்த ரொட்டியைப் பிய்த்து மென்றாள்.

"உப்பு பத்தல" என்றாள்.

"கோப்பல் பிசைஞ்சது."

"தகரம் அடிக்கறவனை மாவுல கை வைக்க விட்டியா? ரெண்டு மாசத்துக்கு அடுப்புக்கு யாரு இருக்கா?"

"யாரும் இல்ல."

கித்தல் சால்வையைக் கழற்றி ஆணியில் மாட்டினாள். தொட்டிலுக்குள் அதன் பிறகுதான் பார்த்தாள், வெகுநேரம் பார்த்தாள். "இது வழுக்கை" என்றாள். பெய்லா சிரித்தாள். கித்தல் சிரிக்கவில்லை, ஆனால் சூப்பைக் கிண்ணத்தில் ஊற்றி அவள் கையில் கொடுத்து, குடித்து முடிக்கும் வரை நின்றாள்.

மீன்காரச் சந்து அடுப்பை அந்த வசந்தத்திலேயே விட்டுவிட்டார்கள். பெய்லாவும் கோப்பலும் குழந்தையும் பழைய ரொட்டிக் கடையின் பின்கட்டுக்குக் குடிவந்தார்கள். சண்டை நிற்கவில்லை. மாவுக்கு எவ்வளவு தண்ணீர், குழந்தைக்கு எத்தனை துணி என்று தினமும் நடந்தது. ஆனால் யாரும் மூட்டை கட்டவில்லை. பெய்லாவுக்கு இன்னும் இரண்டு பிள்ளைகள் பிறந்தார்கள். பக்கத்து ஊர்களிலிருந்து, கணவன் கைவிட்ட பெண்களும் கொழுந்தன் இழுத்தடிக்கும் விதவைகளும் அவளைத் தேடி வரத் தொடங்கினார்கள். அவர்களோடு வண்டியேறிப் போய் அந்த ஊர் ரபிகளிடம் பேசிவிட்டு வருவாள். மாவு படிந்த கையோடு வருகிறாளே என்று சில ரபிகள் முகம் சுளித்தார்கள். பெரும்பாலோர் அவள் சொன்னதைக் கேட்டார்கள்.

ஸல்மன் நியூயார்க்கில் தையற்கடையில் நிலைத்து, கல்யாணமும் செய்துகொண்டான். அம்மாவுக்குக் கப்பல் டிக்கெட் அனுப்பினான். கித்தல் அதைத் திருப்பி அனுப்பச் சொன்னாள். ரபியின் மனைவிக்கு இது புரியவில்லை. ரொட்டி வாங்க வந்தவள் நேராகவே கேட்டாள். "சொந்தப் பிள்ளை கூப்பிடறான். போகாம இங்க யார்கிட்ட இருக்கப் போறீங்க? ஹலிட்சா ஆனப்புறம் பெய்லா உங்களுக்கு என்ன உறவு?"

கித்தல் யோசித்துப் பார்த்தாள். பெய்லாவின் பெண் அவள் பாவாடையைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தது.

"ஒரு உறவும் இல்ல" என்றாள். "ரொட்டி வேணுமா, வேண்டாமா?"